தாய்ப்பூனையா, நாய்க்குட்டிகளா, வளர்ந்த நாயா?

காப்பகத்துப் பிராணியைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்க முன்வருபவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். இலங்கையின் மலையகத்தில் அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இரவில் எவ்வளவு குளிரும்?

தாயில்லாத, கண் திறக்காத பூனைக்குட்டிகளை இந்தக் கேள்விகளே கழித்துவிடும். இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பால் புகட்ட வேண்டும். அதுவும் பசும்பால் அல்ல. அது வயிற்றைக் கெடுக்கும், குட்டிகளுக்கான பால்மா வேண்டும். உடற்சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ளவும் அவற்றால் முடியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடேற்ற வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாவில், காலையில் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் குடும்பத்தால் இது ஆகாது.

அதே குட்டிகள் தாயோடு வந்தால் கதையே வேறு. பாலும் சூடும் தாயின் பொறுப்பு. நீங்கள் தர வேண்டியவை காற்றுப் படாத ஒரு மூலை, துணி விரித்த பெட்டி, கழிக்க மண் நிரப்பிய தட்டு, தாய்க்கு வயிறு நிறைய உணவு. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவிலும் இடம் போதும். குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடுகிறதா என்று தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் மனிதருக்கு அஞ்சாத பூனைகளாக வளரும்.

நாய்க்குட்டிகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் லயத்துக்காரர்களுக்குச் சொல்லும் பதில்: வேண்டாம். தடுப்பூசி முழுமையடையாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் குடல்நோய் வந்தால் வாந்தியும் இரத்தப்போக்குமாக ஓரிரு நாட்களிலேயே முடிந்துவிடலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரே முற்றத்தைப் பல வீடுகள் பகிரும் இடத்தில் அடுத்த வீட்டு நாயும் சேர்ந்து சாகக்கூடும். தனி மதில் உள்ள வீட்டுக்காரர் எடுக்கட்டும்.

கருத்தடை செய்து ஆறிவரும் வளர்ந்த நாய்க்கு என் முதல் ஓட்டு. காயம் ஆறப் பத்துப் பதினான்கு நாட்கள்; ஓடவும் தையலை நக்கவும் விடாமல் பார்ப்பதே பெரிய வேலை. பகலில் உறங்கும், தனிமையைப் பொறுக்கும். இரவில் மட்டும் இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) கட்டாதீர்கள். தேயிலைக்குள் பதுங்கும் சிறுத்தைக்குக் கட்டிய நாய் சுலபமான இரை. உண்ணியையும் தினம் தேடிப் பிடுங்க வேண்டும். பாரசிட்டமோல் போன்ற மனித வலி மாத்திரைகளை எந்தப் பிராணிக்கும் கொடுக்கக்கூடாது. பூனையைப் பாதி மாத்திரையே கொன்றுவிடும்.

எதை எடுத்தாலும், வீட்டுப் பிராணிகளிடமிருந்து இரண்டு வாரம் பிரித்து வையுங்கள். கண்டிக்காரருக்குப் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை பக்கம். மஸ்கெலியாக்காரருக்கு அது ஒரு நாள் பயணம். நாயோடு பஸ்ஸில் ஏற்றவும் பெரும்பாலும் மறுப்பார்கள். முச்சக்கர வண்டிக் கூலியும் மருந்துச் செலவும் யாருடையவை என்பதைப் பிராணியை வாங்குமுன்பே காப்பகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.