அந்த வீடியோவில் இருக்கும் நாய் உங்கள் வீட்டுக்கு வராது

நேற்று பரமக்குடியில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு வீடியோ அனுப்பி, "அக்கா, இந்த நாயைத் தத்தெடுக்கலாம்னு இருக்கேன், பூனை இருக்கிற வீட்டுக்கு ஏத்த நாயாம், பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் பிடி உடைந்த நீல வாளி, பழுப்பு நாய் ஒன்று காலை நீட்டிப் படுத்திருக்கிறது, ஒரு மஞ்சள் பூனை வந்து அதன் மூஞ்சியில் உரசிக்கொண்டு போகிறது. பதினாறு விநாடி. இதே பதினாறு விநாடிதான் போன ஆடி மாதம் எனக்கும் வந்தது. அப்போது அந்த நாயின் பெயர் லட்சுமி. இப்போது ரோசியாம்.

வீடியோவை அனுப்புகிற அந்த நாய்க் காப்பகத்தின் பெயரை இங்கே போடவில்லை, போட்டால் வேறு தலைவலி வரும் என்று வக்கீல் மாமா சொல்லிவிட்டார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாம்பனில், தென்கடல் பக்கம். அண்ணன் கடலுக்குப் போய்விட்டால் இரவில் அம்மா தனிதான், நான் ராமநாதபுரத்தில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து சேரவே எட்டரை ஆகிவிடும். வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த வலை இரண்டு முறை காணாமல் போனது, ஒரு முறை பேட்டரி. அதனால்தான் நாய் யோசனை வந்தது. வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள். சூடை என்றொரு பெண் பூனை, சூடை மீனைத் தவிர வேறெதையும் தொடாததால் அந்தப் பெயர். சிங்கி என்றொரு தடியன். அப்புறம் கிழவி, அவளுக்கு எங்களைவிட அந்த வீட்டில் உரிமை அதிகம்.

எங்கள் மாவட்டத்தில் நாய் என்றால் உடனே மண்டை நாய் என்பார்கள், எங்கள் பக்கத்து வேட்டை நாய் அது. அண்ணனின் கூட்டாளி ஒருவர் நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றார். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி, "வேட்டை நாய் வேண்டாம்ணே, பூனைங்க இருக்கு, காப்பகத்துல இருக்கிற நாட்டு நாய் ஒண்ணை எடுத்தா அதுக்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கும்" என்று மறுத்துவிட்டேன். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது, ஏன் என்று பிறகு தெரியும்.

காப்பகத்தில் பேசிய பெண்ணிடம் பூனை விஷயத்தை மூன்று முறை கேட்டேன். "மேடம், இவ பூனைக்குட்டிக்குப் பால் கொடுத்தாக்கூட ஆச்சரியமில்ல" என்றார். இரண்டு வயது, கருத்தடை ஆயிற்று, எல்லா ஊசியும் போட்டாயிற்று, பரம சாது. நேரில் வந்து பார்க்கிறேன் என்றதற்கு, இப்போது சில நாய்களுக்குத் தொற்று இருக்கிறது, வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்றார். அது நியாயமான காரணமாகத்தான் பட்டது. மருத்துவச் செலவுக்கு 3,500, வண்டிக்கு 3,000, ஆக 6,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். "நன்கொடை" என்று போட்டு ரசீது வந்தது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு பத்தரைக்கு, பாலத்தின் முனையில், ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற நேரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு பையன் கயிற்றை என் கையில் கொடுத்தான், உடனே திரும்ப வேண்டும் அக்கா என்று சொல்லி ஒரு அட்டையையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால் வீடியோவில் இருந்த நாய்க்கு முன்னங்கால் இரண்டும் வெள்ளை, வந்த நாய்க்கு ஒரு கால்தான் வெள்ளை. அம்மாதான் முதலில் சொன்னார். நான், "வீடியோவுல வெளிச்சம் அடிச்சு அப்படித் தெரிஞ்சிருக்கும்மா" என்றேன். காசு கொடுத்த பிறகு மனசு எப்படியெல்லாம் சமாதானம் தேடுகிறது பாருங்கள்.

முதல் இரண்டு நாள் அது திண்ணை மூலையில் சுருண்டே கிடந்தது. சோறு வைத்தால் நாங்கள் நகர்ந்த பிறகுதான் தின்றது. பூனைகள் பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்த்தன, இது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று நான் ஒரு நன்றிச் செய்தியும் அனுப்பித் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மீன் கூடை வந்தது. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து காரல் ஆய்ந்துகொண்டிருந்தார். சூடை பரணிலிருந்து இறங்கி, வழக்கம்போல வாலைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். நாய் எழுந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை, வாலும் ஆடவில்லை. வாய் மூடியிருந்தது, ஒரு முன்னங்கால் மட்டும் தரையில் படாமல் நின்றது, கண் சூடையைவிட்டு அசையவில்லை. அழகாக நிற்கிறதே என்று நினைத்தேன், சத்தியமாக. சூடை அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள், அந்த ஓட்டம்தான் வினையாகிவிட்டது. முற்றத்தைத் தாண்ட அதற்கு இரண்டே பாய்ச்சல். இடுப்பைக் கவ்வி உதறியது. அம்மா மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு அதன் மூஞ்சியில் ஊற்ற, பக்கத்து வீட்டு அண்ணன் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்க, வாய் திறந்தது. நான் சூடையை அள்ளினேன், அவள் பயத்தில் என் முன்கையை நாலு கோடாகக் கிழித்துவிட்டாள்.

குரைத்துக்கொண்டு ஓடி வரும் நாயைவிடச் சத்தமில்லாமல் உறைந்து நிற்கும் நாய்தான் பூனைக்கு ஆபத்து என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னார்.

சூடையின் இடுப்பில் இரண்டே சின்ன ஓட்டைகள், ரத்தம்கூட அதிகமில்லை, தப்பித்தாள் என்று நினைத்தோம். வலிக்கிறதே பாவம் என்று அம்மா காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துப் பாலில் கரைக்கப் போனார், நல்லவேளை பார்த்துவிட்டேன். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கே உலை. கடிபட்ட மூன்றாம் நாள் அந்த ஓட்டை இருந்த இடம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிக் கொதித்தது. நாய்க் கடி மேலே ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், உள்ளே சதை கிழிந்து சீழ் கட்டும், அன்றைக்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் திட்டிக்கொண்டே மயிரை மழித்துக் கீறி எடுத்தார்.

என் கதை தனி. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கையைக் கழுவிவிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். சூடையைக் கடித்த நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள், பெருமையாக அட்டையை நீட்டினேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நம்பி நான் உங்களை அனுப்ப முடியாதும்மா" என்றார். கீறலைச் சுற்றி ஒரு மருந்து, அப்புறம் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி, பத்து நாள் நாயைக் கண்காணிக்கச் சொல்லி அறிவுரை. ஒரு பைசா வாங்கவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த அட்டையில் என்ன குறை என்று கால்நடை மருத்துவர்தான் விளக்கினார். உண்மையாகவே ஊசி போட்டால் மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள், அதில் மருந்தின் பேட்ச் எண் இருக்கும், பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணோடு முத்திரையும் இருக்கும். எங்கள் அட்டையில் எல்லாமே நீலப் பேனா. மூன்று வெவ்வேறு தேதிகள், ஒரே பேனா, ஒரே கிறுக்கல். இதை நான் இரண்டு நாள் கையில் வைத்திருந்தும் பார்க்கவில்லை.

அடுத்து அவர் கேட்டது, "கருத்தடை பண்ணினதுன்னு சொன்னாங்களா? காது முழுசா இருக்கே?" தெருநாய்களுக்கு அரசுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை செய்தால் அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக வெட்டிவிடுவார்கள், பாம்பன் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய்களில்கூடப் பார்க்கலாம். தனியாக ஆஸ்பத்திரியில் செய்திருந்தால் காது வெட்டு இல்லாமலும் இருக்கலாம், அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். வயிற்றில் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இல்லை. பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு இரண்டு வயதா, ஒன்றுகூட முடிந்திருக்காது என்றார். அந்த நீளக் கால், ஒட்டிய வயிறு, கூர் மூஞ்சி எல்லாவற்றையும் காட்டி, சிப்பிப்பாறைக் கலப்பு என்றார். முயல் விரட்டவே பல தலைமுறையாக வளர்த்த சாதி அது. மண்டை நாய் வேண்டாம் என்று மறுத்தவளுக்கு வந்து சேர்ந்தது இது!

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் படுத்திருக்கும் நாயின் இடது காதில் வெட்டு இருக்கிறது. அது வேறு நாய்.

காப்பகத்துக்குப் போன் போட்டேன். முதலில், நீங்கள் சரியாக அறிமுகப்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். எந்த நாயாக இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு வாரம் தனி அறையில் வைத்து, அது படுத்த சாக்கைப் பூனைக்கும் பூனை படுத்த துணியை அதற்கும் மோப்பம் பிடிக்கக் கொடுத்து, மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பாடு வைத்துப் பழக்கி, அப்புறம்தான் கயிற்றோடு காட்ட வேண்டுமாம், அப்போதும் பூனை ஏறிக்கொள்ள உயரமான இடம் வேண்டுமாம். முதல் மூன்று நாள் நாய் பயத்தில் ஒடுங்கிக் கிடக்கும், அதன் சுயகுணம் தெரிய மூன்று வாரம் ஆகும், வீடு தன் வீடு என்று அதற்குப் படவே மூன்று மாதம் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். ஏற்கெனவே பூனைகளோடு வளர்ந்த நாய், எதுவும் தேவையில்லை, அவிழ்த்து விடுங்கள் என்று எனக்குச் சொன்னதும் இந்தக் காப்பகத்துக்காரர்கள்தானே.

காது வெட்டைப் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறியது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், வண்டிக்கு இன்னும் 3,000 அனுப்புங்கள் என்றார்கள். மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாமா என்று மாமாவிடம் கேட்டால், "சொல்லு, ஆனா நன்கொடைன்னு ரசீது வாங்கியிருக்கியே, நீ அவங்ககிட்ட எதையும் விலைக்கு வாங்கலைன்னு அவங்க சொல்லுவாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை எவ்வளவு யோசித்துப் போட்டிருக்கிறார்கள்!

கதை அதோடும் முடியவில்லை. சூடைக்குக் காயம் ஆறுவதற்குள் சிங்கி சாப்பாட்டை விட்டான். மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவான், எழுந்து வருவான், மறுபடி போவான், மணல் காய்ந்தே இருந்தது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கப் பார்த்தோம். மருத்துவரிடம் கேட்டால் மூத்திரம் அடைத்திருக்கிறது, பயத்திலும் பதற்றத்திலும் ஆண் பூனைக்கு இப்படி ஆகும், ஒரு நாள் இரண்டு நாள் விட்டால் உயிர் போய்விடும் என்றார். மதுரைக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டு எடுத்தோம், அந்தச் செலவைச் சொன்னால் அம்மா இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி பார்த்தால் ஓலை வேலிக்கு வெளியே தெருவில் உள்ள ஆண் நாய்கள் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. திண்ணையில் ரத்தச் சொட்டு. கருத்தடை ஆன நாய், காலத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் பதினைந்து இருபது நாள் அண்ணன் கடலுக்குப் போகாத இரவுகளில் கம்போடு காவல் இருந்தார். திருட்டுக்குக் காவலாக நாயை வாங்கி, நாய்க்குக் காவலாக ஆள் போட்ட வீடு பாம்பனிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாயின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பிறந்த குணத்தைக் காட்டியது, அவ்வளவுதான். ரத்தம் நின்றபின் இரண்டு மாதம் பொறுத்துக் கருத்தடை செய்து, ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையோடு ரேபிஸ் ஊசியும் போட்டுச் சாயல்குடிப் பக்கம் பனந்தோப்புக்குள் இருக்கும் பெரியப்பா வீட்டில் விட்டிருக்கிறேன். அங்கே பூனையும் இல்லை, கோழியும் இல்லை. பெரியம்மா பதநீர் காய்ச்சும்போது அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்கிறதாம். சூடை இன்னும் பரணைவிட்டு முற்றத்துக்கு இறங்குவதில்லை, மீனை மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சித்தி மகளிடம், நேரில் போய்ப் பகலில் பார், போக முடியாவிட்டால் வீடியோ கால் போட்டு இப்போதே இந்த நாயைப் பூனை பக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல், காதையும் காலையும் அட்டையையும் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொல் என்றேன். கேட்டிருக்கிறாள். சிக்னல் சரியில்லை, நாளைக்குக் காட்டுகிறோம் என்றார்களாம். இன்றைக்கும் அதே பதில். என்னிடம் அந்த வீடியோ, ரசீது, நீலப் பேனா அட்டை மூன்றும் பத்திரமாக இருக்கின்றன, உங்களுக்கும் சிவப்புத் தரையும் நீல வாளியும் வந்திருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.