டிஸ்சார்ஜ் சம்மரியை விளக்கும் அரை மணி நேரம்: ஓர் இதயத் துடிப்புப் பிரிவின் சேவை பற்றி

மேற்குச் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இதயத் துடிப்புப் பிரிவில், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாக விளக்கிச் சொல்லும் அமர்வு ஒன்று நடத்தப்படுகிறது. மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் குறைகள் இந்நகரின் பல மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் என்பதால், ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாக இருக்காது. என் மாமியாருக்கு அங்கே பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. சிகிச்சையிலும் வார்டு கவனிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதால், அந்த அமர்வையும் அங்கே கொடுக்கப்படும் சுருக்கக் குறிகளின் அட்டையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சம்மரியின் முதல் பக்கத்தில் நோயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பரோக்ஸிஸ்மல் ஏ.எஃப்., எஸ்.எஸ்.எஸ்., எஸ்/பி பி.பி.ஐ., டி.டி.டி.ஆர்., எல்.வி.இ.எஃப். 60%’ என்று இருந்தது. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமனார் ஆங்கிலக் கோப்புகளோடே வாழ்ந்தவர். அவராலும் அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. அமர்வை நடத்திய மூத்த செவிலியர் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார், நல்ல தமிழில், அவசரமில்லாமல்.

ஏ.எஃப். என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக அதிரும் நிலை. பரோக்ஸிஸ்மல் என்றால் அது வந்து வந்து தானாகவே அடங்குகிறது. எஸ்.எஸ்.எஸ். என்பது துடிப்பைத் தொடங்கிவைக்கும் இயற்கையான கணு தளர்ந்துபோன நிலை. என் மாமியாருக்குத் துடிப்பு வேகமாக ஓடிவிட்டு, அடங்கும்போது சில நொடிகள் நின்றுபோனதற்கும், அதனால் தலைசுற்றியதற்கும் அதுவே காரணம். எஸ்/பி என்பது ஒரு சிகிச்சை ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டதைக் குறிக்கும், இங்கே அது பி.பி.ஐ., அதாவது பேஸ்மேக்கர் பொருத்துதல். எல்.வி.இ.எஃப். என்பது இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. அது 100 இல்லையே என்று கலங்கியிருந்த எங்களுக்கு, நல்ல இதயத்திலும் அது நூறாக இருப்பதில்லை என்பதும், 60 என்பது இயல்பான அளவே என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இவற்றைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கேட்காமலே சொன்னார். பேஸ்மேக்கர், துடிப்பு மிகவும் மெதுவாகிவிடாமல் காக்கும் கருவியே தவிர ஏ.எஃப்.பைக் குணப்படுத்தும் கருவி அன்று. ஆகவே வேகத்தைக் குறைக்கும் மாத்திரையும் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் தொடரவேண்டும். கருவி வைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று உறவினர்கள் கேட்கும் வீடுகளில் இந்த ஒரு விளக்கமே பக்கவாதத்தைத் தள்ளிவைக்கக்கூடும், ஏனென்றால் ஏ.எஃப். இருக்கும்போது மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் செல்வதே பெரிய ஆபத்து.

அந்த ஆபத்தை அளக்கும் மதிப்பெண் பற்றிய குழப்பமும் அங்கேதான் தீர்ந்தது. சம்மரியில் ‘சாட்ஸ்-வாஸ்க் 4’ என்று இருந்தது. மருத்துவரோ வாய்மொழியாக 3 என்று சொல்லியிருந்தார். இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரையிலான வயது ஆகியவற்றுக்குத் தலா ஒன்று, 75 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுக்கும் முன்பு வந்த பக்கவாதத்துக்கும் தலா இரண்டு, பெண் என்பதற்கு ஒன்று என்று கூட்டுவது பழைய கணக்கு. 2024ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் அந்தக் கடைசி ஒன்றை நீக்கிவிட்டது. 72 வயதான, அழுத்தமும் சர்க்கரையும் உள்ள என் மாமியாருக்குப் பழைய கணக்கில் 4, புதிய கணக்கில் 3. எப்படிக் கூட்டினாலும் மாத்திரை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லக்கூடிய ஒரு செவிலியரை வைத்திருப்பது அந்த மருத்துவமனைக்குப் பெருமைதான்.

பேஸ்மேக்கர் அட்டையில் இருக்கும் டி.டி.டி.ஆர். என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். வண்டியின் எண் பலகையில் முதல் எழுத்துகள் மாநிலத்தையும் அடுத்த எண் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் குறிப்பதுபோல, இங்கும் எழுத்து நிற்கும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. முதலெழுத்து, கருவி எந்த அறையைத் துடிக்கவைக்கிறது என்பதையும், இரண்டாவது எந்த அறையின் துடிப்பை உணர்கிறது என்பதையும், மூன்றாவது உணர்ந்தபின் என்ன செய்கிறது என்பதையும், நான்காவதாக வரும் ஆர், நடக்கும்போதும் படியேறும்போதும் துடிப்பைத் தேவைக்கேற்பக் கூட்டும் வசதியையும் சொல்லுகின்றன. டி என்றால் இரண்டும். வி.வி.ஐ.ஆர். என்று இருந்தால் கீழறையோடு மட்டும் தொடர்புடைய கருவி என்று இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கருவியைப் பரிசோதித்தபின் தரப்படும் அறிக்கையில் ஏ.பி., வி.பி. என்ற விழுக்காடுகள், மேலறையையும் கீழறையையும் கருவி எவ்வளவு நேரம் துடிக்கவைத்தது என்பதைக் காட்டுகின்றன. ஈ.ஆர்.ஐ. என்று வந்தால் பேட்டரி தீரப்போகிறது, கருவியை மாற்றத் திட்டமிடவேண்டும் என்று பொருள். பொதுவாகச் சில மாத அவகாசம் இருக்கும்.

இனி அந்த அட்டை. வழவழப்பான தாளில் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குறிக்கும் எதிரே அதன் ஆங்கில விரிவு மட்டுமே இருக்கிறது. வி.டி. என்பதற்கு எதிரே அதைவிடக் கடினமான இரண்டு ஆங்கிலச் சொற்களைப் படித்துவிட்டு ஒருவர் என்ன செய்வது? கீழறையிலிருந்து எழும் வேகத்துடிப்பு, ஆபத்தாக மாறக்கூடியது, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்று ஒரு வரி தமிழில் இருந்தால் போதும். எஸ்.வி.டி. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது, வி.எஃப். நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது என்ற வேறுபாடு அந்த அட்டையில் எங்குமே இல்லை. வி.பி.சி., பி.வி.சி., வி.இ. மூன்றும் கீழறையில் முந்திக்கொண்டு எழும் ஒரே வகைத் துடிப்பைக் குறிப்பவை என்பதும் இல்லை. மூன்றும் மூன்று நோய்கள்போல வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன.

இன்னும் மோசமானது, ஒரே குறி இரண்டு பொருளில் வருவதை அட்டை கண்டுகொள்ளாதது. எங்கள் சம்மரியின் முதல் பக்கத்தில் பி.பி.ஐ. என்றால் நிரந்தர பேஸ்மேக்கர் பொருத்துதல். மருந்துப் பட்டியலில் அதே பி.பி.ஐ. காலையில் உணவுக்கு முன் விழுங்கவேண்டிய அமிலக் குறைப்பு மாத்திரை. அட்டையில் முதல் பொருள் மட்டுமே உண்டு. ஐ.சி.டி.யின் கதை இன்னும் நீளம்: ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவிக்கும் அதே பெயர், நெஞ்சுக்குள் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்க்கும் அதே பெயர், காப்பீட்டுப் படிவத்தில் கேட்கப்படும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக்கும் அதே பெயர். அதன் பத்தாம் பதிப்பில் ஏ.எஃப்.புக்கான எண் ஐ 48. படிவத்தில் அந்த எண்ணுக்கு முன் ஐ.சி.டி. என்று இருந்ததைப் பார்த்த என் மைத்துனர், அம்மாவுக்குப் பேஸ்மேக்கரோடு இன்னொரு கருவியும் வைத்துவிட்டார்களா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏ என்றால் மேலறை, வி என்றால் கீழறை என்ற எளிய வழி பெரும்பாலும் உதவும் என்றாலும், வால்வு பற்றிய வரிகளில் வரும் ஏ.எஸ்., ஏ.ஆர். இரண்டிலும் ஏ என்பது பெருந்தமனி வால்வைக் குறிக்கிறது என்பதையும் செவிலியர்தான் சொன்னார், அட்டை சொல்லவில்லை.

என் முக்கியமான புகார் நேரத்தைப் பற்றியது. இந்த விளக்கம் வீடு திரும்பியபின், முதல் மறுபரிசோதனையின்போதுதான் கிடைக்கிறது. ஒப்புதல் படிவத்தில் ‘பி.பி.ஐ., டி.டி.டி.ஆர்.’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டது அதற்கு முந்தைய வாரம். அருகில் காத்திருந்த ஒருவர், ‘ஈ.பி.எஸ். + ஆர்.எஃப்.ஏ.’ என்று எழுதியிருந்த படிவத்தில் தன் மகனுக்காகக் கையெழுத்திட்டதாகவும், முதலாவது இதயத்தின் மின்பாதையை ஆராயும் சோதனை, இரண்டாவது பிழையான பாதையை வெப்பத்தால் சுட்டு அடைக்கும் சிகிச்சை என்று பிறகே தெரிந்ததாகவும் சொன்னார். அதே செவிலியர், அதே அரை மணி நேரம், கையெழுத்துக்கு முன்பு வந்திருந்தால் இந்தச் சேவைக்கு நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். இப்போது ஐந்துக்கு மூன்றரை. அட்டைக்குத் தனியாக என்றால் ஒன்று.

தனிக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. வார நாட்களில் காலையில் மட்டுமே நடக்கிறது, காத்திருப்பு நீளம். செல்பவர்கள் சம்மரியோடு பேஸ்மேக்கர் அட்டையையும், வீட்டில் இருக்கும் மாத்திரைப் பட்டைகளையும் எடுத்துச் செல்வது நல்லது. வால்வு சுருக்கத்தோடு ஏ.எஃப். இருந்து அசெனோகூமரால் அல்லது வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவின் சீட்டுகளையும் கொண்டுபோகவேண்டும், பெரும்பாலானோருக்கு அந்த அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கவேண்டும் என்றாலும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இலக்கு வேறாக இருக்கலாம் என்பதால், தங்களுக்குரிய எண்ணைக் கேட்டு அந்தச் சீட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். செவிலியர் எழுதித் தருகிறார்.