பிள்ளை பார்க்கும் வேலையை விடும்போது: ஒரு மாத முன்னறிவிப்பா, சம்பளத்தன்றே நிறுத்தமா?

பிள்ளை பார்க்கும் வேலையிலிருந்து விலக நாகர்கோவில் பக்கம் நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் முதல் வர இயலாது என்று போனில் தெரிவித்துவிடுவது ஒன்று. ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு, அந்த மாதத்தையும் முழுமையாகப் பார்த்து முடிப்பது மற்றொன்று. வெட்டூர்ணிமடத்தில் ஓர் ஆசிரியையின் வீட்டை விட்டபோது நான் இரண்டாவதையே தேர்ந்தேன். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

முதல் வழிக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. விலகப்போவது தெரிந்ததும் சில வீடுகளில் முகம் மாறும், கடைசிச் சம்பளம் இழுபடும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு மாத முன்னறிவிப்பைப் பற்றிப் பேசினாலும், அது ஆளை நீக்கும் முதலாளிக்கு விதித்தது. வீட்டு வேலைக்கு அது பொருந்தாது. ஆனால் அடுத்த வேலை தெரிந்தவர் வாய்ச்சொல்லால்தான் கிடைக்கும், திடீரென நின்றால் அந்தச் சொல் கெடும் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு முடிவைத் தந்தது பிள்ளையைக் கைமாற்றிக் கொடுக்கும் விஷயம். ஏறக்குறைய எட்டாம் மாதம் தொடங்கி ஒன்றரை வயது வரை, பழகிய முகம் விலகினால் குழந்தைகள் மிகவும் பதறுவார்கள். நான் பார்த்த பிள்ளை அந்தப் பருவத்தில்தான் இருந்தாள். நான் சொன்னதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வியே, "புது ஆளுகிட்ட இவ நிப்பாளா அக்கா?" என்பதுதான். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சிய ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியை விரும்பிக் குடிப்பாள், சற்றே கட்டிபட்டாலும் துப்பிவிடுவாள். மட்டிப்பழத்தை நன்றாக மசித்தால்தான் வாய் திறப்பாள். இவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம், கொடுக்கவும் செய்தேன். ஆனால் தோளில் கண்ணயர்ந்தவளை எந்த நேரத்தில் தொட்டிலில் கிடத்தினால் விழிக்க மாட்டாள் என்பது, பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் பிடிபடும். ஆகவே கடைசி வாரம் புதியவரும் நானும் சேர்ந்தே இருந்தோம்: முதலில் அவர் பார்த்திருந்தார்; பிறகு அவர் ஊட்ட, நான் அடுக்களையில் நின்றேன்; இறுதியில் மதிய நேரம் முழுவதும் வெளியே போய் வந்தேன். பிள்ளை அழத்தான் செய்தாள், எனினும் அவர் தோளிலேயே அழுது உறங்கினாள். அந்த வாரம் இருவருக்கும் கூலி கொடுக்க வேண்டியிருப்பதால் எல்லா வீட்டாரும் இதற்கு இசைய மாட்டார்கள். அத்தகைய இடத்தில் ஓரிரு அரைநாளாவது கேட்டுப் பெறுவது நல்லது.

பிள்ளை உறங்கியபின் தாய் தந்தை இருவரிடமும் நேரில் சொல்லி, கடைசி நாளையும் சம்பளக் கணக்கையும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்தால் பின்னர் பேச்சு மாறாது. ஆசிரியர் வீடாயின் ஏப்ரலிலேயே சொல்லிவிடலாம். கைமாற்றம் மே விடுமுறையில், தாய் உடனிருக்கும்போதே முடிந்துவிடும்.

வீட்டோடு தங்கிப் பார்க்கும் வேலையும், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையும் எனக்கு அனுபவமில்லாதவை. அங்கு ஒரு மாதம் போதுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். சம்பளம் பாக்கி வைக்கும் வீட்டுக்கும், மரியாதை கெட்டுப் பேசும் வீட்டுக்கும், கை நீட்டும் வீட்டுக்கும் இந்த ஒரு மாதக் கணக்கு கிடையாது. அங்கிருந்து அன்றைக்கே இறங்கிவிடலாம்.