முட்டிக்குக் கியர், இடுப்புக்குச் சீட்: 63 வயதில் வாங்கிய சைக்கிள்

34 ஆண்டுகள் செவிலியாக நின்றே வேலை பார்த்த முழங்கால்கள் என்னுடையவை. ஓய்வுபெற்றபின், கடந்த தை மாதம் கும்பகோணத்தில் 26,000 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். இதுவரை 2,900 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே அமைப்பில் பலரும் விற்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் என் வயதுக்காரர்களுக்குத் தேவை.

முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. மிக லேசான கியரில் முன்னால் 28 பல், பின்னால் 34. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 1.8 மீட்டர்தான் நகரும். "நம் ஊரில் மேடே இல்லையே, உங்களுக்கு எதற்கம்மா இவ்வளவு கியர்?" என்று கேட்டார் கடைத் தம்பி. அவரை ஆடி மாதம் என்னோடு அழைத்துப் போயிருக்க வேண்டும். மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று பூம்புகார் வரை போய்விட்டேன். 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் கொக்குகளை எண்ணிக்கொண்டே போனதில் தூரம் தெரியவில்லை. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதியது. கியர் இல்லாத சைக்கிளாக இருந்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும்; அந்த அழுத்தமெல்லாம் முழங்கால் சில்லில் இறங்கும். இதில் கியரை இறக்கிவிட்டுத் தையல் மெஷின் மிதிப்பதுபோல லேசாகச் சுற்றினேன். மூச்சு வாங்கியது, முட்டி வலிக்கவில்லை. வண்டி 15 கிலோ எடை. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

சீட்தான் ஏமாற்றம். கூடவே வந்தது பஞ்சு மெத்தை. கடையில் உட்கார்ந்தபோது சுகமாக இருந்தது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் மெத்தை அமுங்கி, உட்காரும்போது சீட்டில் பதியும் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே பிதுங்கி, மரத்துப்போகவைத்தது. 1,400 ரூபாய் கொடுத்துச் சற்று அகலமான, கெட்டியான சீட்டாக மாற்றினேன். உயரத்தையும் நானே சரிசெய்தேன்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கடையில் வைத்துக் கொடுத்த உயரத்தில் ஓட்டியிருந்தால் ஒரே மாதத்தில் முட்டியில் கட்டுப் போட்டிருப்பேன்.

வேலை பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மூட்டுக்கு இதம். அதனாலேயே எலும்பு உறுதிக்கு இது மட்டும் போதாது. வாரத்தில் மூன்று நாள் நடந்துவிடுகிறேன்.

பெண்களுக்கு வழியில் கழிவறை பெரிய பாடு. பெட்ரோல் பங்குகளைக் கணக்கு வைத்துத்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

இன்னொரு குறை, நடுவே குறுக்காகப் போகும் பார். காலைத் தூக்கிப்போட முடியாமல் ஒவ்வொரு முறையும் வண்டியைச் சாய்த்துத்தான் ஏறுகிறேன். பூம்புகாரிலிருந்து திரும்பிய அன்று மயிலாடுதுறையில் அக்கா வீட்டில் தங்கினேன். அவளுக்கு 67 வயது. "இந்த வயதில் விழுந்துவைக்காதே" என்று மாதக்கணக்காகப் போனில் திட்டியவள். காலையில் நான் எழுந்து வருவதற்குள் வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பார் இல்லாததாக எனக்கும் ஒன்று பார்" என்றாள்.