கோப்பாய்த் தோட்டத்தில் இரண்டு வருடம் தொங்கிய அமோனியாச் சேகரிப்பான்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கம்பத்தில் இதைத் தொங்கவிட்டு இரண்டு வருடமாகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் மூடி. உள்ளே சித்திரிக்கமிலம் தோய்த்த வடிதாள். கீழே பார்த்த வாயில் டெஃப்லான் சவ்வு. பம்பு இல்லை, மின்சாரம் தேவையில்லை. காற்றிலுள்ள அமோனியா தானாகவே உள்ளே பரவி அமிலத்தில் பிடிபடும். மாதம் ஒருமுறை தாளை மாற்றினால் போதும்.

எவ்வளவு அமோனியா என்று அறிய இது அருமையான சாதனம். யூரியா போட்ட மாதங்கள் தனியாகத் தெரிந்தன.

ஆனால் நான் இதை வைத்தது நைதரசன் சமதானிகளுக்காக, அதாவது நிறை மட்டும் வேறுபட்ட நைதரசன் அணுக்களுக்காக. அவற்றின் விகிதத்தை வைத்து அமோனியா எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். நைதரசனில் 99.6 வீதம் நிறை 14 உள்ளது. நிறை 15 உள்ளது 0.4 வீதம்கூட இல்லை. செம்மண்ணில் போட்ட யூரியாவும் மாட்டெருவும் அமோனியாவாகக் கிளம்பும்போது இலேசானது முந்திவிடும். அதனால் தோட்டத்து அமோனியாவில் நிறை 15 உள்ளது குறைந்திருக்கும். பெற்றோல் வாகனப் புகையில் அவ்வளவு குறையாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்திலும் ஒன்றைத் தொங்கவிட்டேன்.

முதல் வருடம் குழம்பிப்போனேன். வாகனம் ஓயாத சந்தியில் கிடைத்த நிறை 15 விகிதமும், கட்டுரைகளில் உள்ள வயற்காற்றின் எண் போலத் தாழ்ந்து வந்தது. காரணம் சாதனத்துக்குள்ளேயே இருந்தது: பரவும்போதும் இலேசான மூலக்கூறுதான் விரைவாகப் போகும். பம்பால் இழுத்துப் பிடித்த மாதிரியோடு ஒப்பிட்டால், இந்த வகைச் சேகரிப்பான் அந்த விகிதத்தை ஆயிரத்துக்குச் சுமார் 15 பங்கு குறைத்துக் காட்டும். எனவே ஒரு கட்டுரையில் உள்ள எண்ணை எடுக்குமுன், அது எதனால் பிடித்த மாதிரி என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை, ஒரு வருட விளக்கத்தைத் திரும்ப எழுதவேண்டி வந்தது.

அடுத்தது, சவ்வு துகள்களை உள்ளே விடாது. அமோனியா வாயுவும், அது அமோனியமாக மாறி ஒட்டிய நுண்துகளும் காற்றில் மாறி மாறிப் பரிமாறும்போது, நிறை 15 உள்ளது துகள் பக்கம் சேரும். 25 பாகையில் சமநிலை வந்தால் இரண்டின் விகிதத்துக்கும் இடையே ஆயிரத்துக்குச் சுமார் 33 பங்கு வித்தியாசம். வாடைக்காற்று வடக்கிலிருந்து புகைமூட்டத்தைக் கொண்டுவரும் மாதங்களில் வாயுவை மட்டும் அளந்து மூலத்தைச் சொல்வது சரிவராது. அந்தக் காலத்துக்கு, அமிலம் பூசிய குழாயும் பின்னால் துகள் வடிதாளும் கொண்ட பம்புதான் வேண்டும்.

அப்புறம், கையுறை இல்லாமல் தாளைத் தொடாதீர்கள். வியர்வையிலும் அமோனியா உண்டு. தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திறக்காமலே திருப்பிக் கொண்டுவரும் வெற்றுத் தாள் ஒன்றை ஒவ்வொரு மாதமும் ஆய்வுகூடத்துக்குச் சேர்த்து அனுப்புங்கள்; வழியில் ஒட்டிய அமோனியா அதில் தெரியும்.