நீருக்கடியில் பயன்படுத்தும் திசைகாட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: நான் இழந்த 11,800 ரூபாய்

ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால், "போனால் போகிறது, 11,800 ரூபாய்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுவேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஸ்கூபா டைவிங் கருவிகள் விற்கும், பெருநகரம் ஒன்றில் குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு சிறிய கடை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். திசைகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

காரைக்குடியில் இருப்பவனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று ஆத்தா இன்னமும் கேட்கிறார்கள். இராமேசுவரம் மூன்று மணி நேரப் பயணம்தான். பயிற்சி முடித்த பிறகு ஆண்டுக்கு நான்கைந்து முறை போய் வருகிறேன். அந்தப் பக்கத்து மீனவர்கள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறு கொண்டது. கலங்கிய நாளில் ஐந்தாறு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அத்தகைய நீரில், படகை விட்டுப் போன திசையைக் குறித்துக்கொண்டு அதற்கு நேர் எதிர்த் திசையில் திரும்பி வர, கையில் கட்டிய திசைகாட்டியைத் தவிர வேறு வழியில்லை. இரவல் வாங்கியே எத்தனை நாள் ஓட்டுவது என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

நான் ஏமாந்த நொடி எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். காரைக்குடி என்றேன். உடனே, "அண்ணே, நீங்க எந்தக் கோயில்?" என்றார். நகரத்தார் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் புரியும்: ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் எங்களில் பங்காளிகள். என் கோயிலைச் சொன்னதும், "அப்போ நாம பங்காளிண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு ஒட்டுத்தாள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்ததை என் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. விலை 13,000, பில் வேண்டாம் என்றால் 11,800, ஓராண்டு உத்தரவாதம் என் வாய்ச்சொல் என்றார். பங்காளியிடம் பில் கேட்பதா என்று கைப்பேசியிலேயே 11,800 ரூபாயை அனுப்பிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன். அந்தக் காபிக்கும் நான்தான் காசு கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு முகப்பு கிழக்கு பார்த்தது, பின்கட்டுக் கதவு மேற்கே அடுத்த தெருவில் திறக்கும். எனவே வடக்கு எது என்று தெரிய இந்த வீட்டில் கருவி தேவையில்லை. கண்ணாடிக்குள் எண்கள் எழுதிய வட்டத்தட்டு, தெற்குப் பக்கம் தாழ்ந்து ஒருக்களித்துக் கிடந்தது. தட்டினால் மட்டும் லேசாக நகர்ந்தது. கடைக்குப் பேசினேன். "தண்ணிக்குள்ள போனா சமமாயிடும்ணே" என்றார். திசைகாட்டியின் குப்பி முன்பே எண்ணெயால் நிரப்பி மூடப்பட்டது, வெளியே தண்ணீர் இருந்தாலென்ன, காற்று இருந்தாலென்ன, தட்டின் சாய்வு மாறாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வடகடலில் இறங்கினோம். ஏழு மீட்டர் ஆழம். 120 பாகையில் நூறு முறை காலை உதைத்து நீந்திப் போய், 300 பாகையில் திரும்புவது திட்டம். கையை நேராக நீட்டி, திசைகாட்டியின் உறைமேல் உள்ள குறிக்கோட்டை உடம்பின் நடுக்கோட்டோடு பொருத்திக்கொண்டு, கற்றுக்கொடுத்தபடிதான் நீந்தினேன். திரும்பும்போது தட்டு 300-ஐ விட்டு அசையவே இல்லை. என்ன அருமையாக நேர்க்கோட்டில் போகிறோம் என்று எனக்குள் பெருமை வேறு. உண்மையில் தட்டு கண்ணாடியில் உரசிச் சிக்கியிருந்தது; நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் என்னோடு சேர்ந்து திரும்பி, அதே எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரரைப் போலவே, நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்றது. மேலே வந்து பார்த்தால் படகு இடப்பக்கம் வெகு தூரத்தில் கிடந்தது. கூட வந்த நண்பரும் நானும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திப் படகைப் பிடித்தபோது எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. கடல் சாந்தமாக இருந்ததால் அத்தோடு போயிற்று.

கரையில் பயிற்றுநர் தன் திசைகாட்டியையும் என்னுடையதையும் சற்று இடைவெளி விட்டு உள்ளங்கையில் ஏந்தி மெல்லச் சுற்றினார். அவருடையதில் தட்டு வடக்கை விட்டு அசையவில்லை, உறை மட்டும் சுற்றியது. என்னுடையதில் இரண்டும் சேர்ந்து சுற்றின. காரணத்தை அவர்தான் விளக்கினார். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் கிடைமட்டமாக இருப்பதில்லை. லண்டனில் அது ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அங்கே விற்கும் திசைகாட்டியில் வடமுனை கீழே இழுபடாமலிருக்கத் தெற்குப் பக்கத்தில் எடை கூட்டிச் சமன் செய்கிறார்கள். நம் நிலைமை வேறு. காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்கே அந்தச் சாய்வு சில பாகைகள் மட்டுமே. இழுப்பு இல்லாத இடத்தில் அந்தக் கூடுதல் எடை என்ன செய்யும்? தெற்குப் பக்கத்தைத் தாழ்த்தும். சாய்வை ஓரளவு தாங்கும் திசைகாட்டிகளும், எல்லா மண்டலங்களுக்கும் (இந்தச் சாய்வை வைத்துப் பிரித்த உலகப் பகுதிகளுக்கும்) பொருந்தும்படி செய்தவையும் உண்டு. என் தலையில் கட்டப்பட்டது அதில் எதுவும் இல்லை. சுரண்டி எடுத்த ஒட்டுத்தாளில் என்ன இருந்திருக்கும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பணம் போனதைவிட வேதனை. முதல் அழைப்பில், கைப்பேசிப் பக்கத்தில் வைத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். வலுவான காந்தத்தை ஒட்டி வைத்தால் திசைகாட்டியின் முனைகள் தலைகீழாகக்கூட மாறலாம் என்பது உண்மைதான்; ஆனால் அப்போது அது தெற்கை வடக்காகக் காட்டுமே தவிர ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொள்ளாது. இரண்டாம் அழைப்பில், காரில் வெயிலில் வைத்தீர்களா என்று கேட்டார். வெயிலில் எண்ணெய் விரிந்து குப்பி கசியும், குமிழி தோன்றும். என்னுடையதில் குமிழியே இல்லை என்று படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் அழைப்பில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், உப்புத் தண்ணி பட்ட பொருளுக்கு வாரண்டி கிடையாது." கடலுக்குள் கட்டிக்கொண்டு போவதற்கென்றே விற்ற பொருளுக்கு! அண்ணன் எப்போது சாராக மாறினேன் என்பதைக் கவனியுங்கள். நான்காம் அழைப்பை ஒரு பையன் எடுத்து, முதலாளி வெளியூர் என்றான். அதற்குப் பிறகு என் செய்திகளுக்கு நீலக் குறி மட்டும்தான் வருகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊருக்கு அலையாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை என்பதால் சிவகங்கைக்குப் போவதாகவும் இருக்கிறேன். பில் இல்லாதது என் தவறு; பணம் அனுப்பிய பதிவும் செய்திகளும்தான் கையில் இருக்கின்றன. 11,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆம், 11,800 ரூபாய்க்குத்தான்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போதைக்குக் கை ஓடவில்லை, இவ்வளவுதான். கடையிலேயே உள்ளங்கையில் வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், தட்டும் கூடவே சுற்றினால் வாங்காதீர்கள். எந்த மண்டலத்துக்குச் சமன் செய்தது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பில் வாங்குங்கள், பங்காளியாக இருந்தாலும்.

இன்று காலை அந்தக் கடை எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. பணம் திரும்ப வருகிறதோ என்று அவசரமாகத் திறந்தேன். "அன்பார்ந்த வாடிக்கையாளரே, பண்டிகைத் தள்ளுபடி" என்று இருந்தது. கீழே அதே திசைகாட்டியின் படம், விலை 9,999 ரூபாய்.