மழைக்காகவே மலை ஏறுவோருக்கு: சிறுமலையா, தாண்டிக்குடியா, பூம்பாறையா?

மழையைப் பார்க்க வீட்டின் நடுவிலேயே முற்றம் விட்டுக் கட்டிய ஊர் நம் செட்டிநாடு. நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்ட, முற்றத்தைச் சுற்றிய வளவில் தூணோரம் உட்கார்ந்து நனையாமல் மழையோடு இருக்கப் பழகியவர்கள் நாம். அப்படிப்பட்டவர்கள் மழைக்கென்று மலைக்குப் போய் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஊர்ப் பெயரைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள், உட்காரப்போகும் இடத்தை விசாரிப்பதில்லை. அடைமழை நாளில் காட்சிமுனை மேகத்துக்குள் மறைந்துவிடும், அருவிக்குத் தடை போட்டுவிடுவார்கள். மிஞ்சுவது தாழ்வாரம், அடுப்பு, மழை விட்ட நேரத்தில் ஒரு நடை. இந்த மூன்றையும் எந்த மலை சரியாகத் தருகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தோதான மலைக் கிராமங்கள் மூன்று: திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை, பழனி மலையின் கீழ்மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே தாண்டிக்குடி, கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் பூம்பாறை.

எந்த மாதத்து மழை

தேதி குறிக்கும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. பள்ளிக்கூட விடுமுறையும் பருவமும் ஒத்துப்போவதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிடும். சிறுமலைக்கும் பழனி மலையின் கிழக்குப் பக்கத்துக்கும் காற்றும் தூறலும்தான் வந்து சேரும். அந்த மாதங்களில் மழை வேண்டுமென்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வால்பாறைக்குப் போங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், நம் ஊரிலிருந்து கிட்டத்தட்ட ஒரு பகல் பயணம். ஆனால் ஜூலையில் அங்கே பெய்வதற்கு ஈடு கிடையாது.

புரட்டாசியில் இந்த மூன்று மலைகளிலும் இடிமழைக் காலம். காலையில் வெயில் அடிக்கும், மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும், இடி மின்னலோடு பெய்து இரவில் ஓயும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் நல்ல மழை, காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை வெளியே சுற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையின் குணம் வேறு. வங்கக் கடலில் தாழ்வு ஒன்று உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அனுபவிக்க ஏற்ற மழை அதுதான், பாதை அறுந்துபோகும் ஆபத்தும் அதில்தான்.

வானிலை மையம் சொல்லும் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை. 115.6-லிருந்து 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேலே அதி கனமழை. திண்டுக்கல் மாவட்டத்துக்கு மிக கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முன்பணம் போனாலும் போகட்டும். கனமழை என்ற அளவில் இருந்தால், மழை தொடங்குவதற்கு முந்தின நாளே மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கொட்டும் மழையில் மலைப்பாதை ஏறுவதில் ரசிக்க எதுவுமில்லை.

பாதை

சிறுமலைதான் பக்கம். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போனால் திண்டுக்கல் நகருக்குள் நுழையவே வேண்டாம். நத்தம் சாலையிலேயே மலைக்குப் பிரிவு வந்துவிடும். 18 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டு வாசலிலிருந்து மூன்றரை மணி நேரம் போதும்.

தாண்டிக்குடிக்கு சுமார் ஐந்து மணி நேரம். இரண்டு வழி உண்டு. சித்தரேவு, பெரும்பாறை, மங்களங்கொம்பு வழி அழகானது. ஆனால் குறுகல், மழைக்கு மண் சரிவதும் மரம் சாய்வதும் அங்கே வழக்கம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறி பண்ணைக்காடு வழியாகப் போவது கொஞ்சம் சுற்று, ஆனால் சாலை அகலம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டாவது வழியே சரி. ஒரு வழி அடைபட்டாலும் இறங்க இன்னொன்று இருக்கிறதே, அதுவே தாண்டிக்குடியின் பெரிய பலம். சிறுமலைக்கும் பூம்பாறைக்கும் அப்படி மாற்று வழி கிடையாது.

பூம்பாறைக்கு ஏழு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். கொடைக்கானல் நகரைக் கடந்துதான் போயாக வேண்டும், அதனால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. நகரத்திலிருந்து மேலும் 18 கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதித் தூரம் மூடுபனி. மழை நாளில் மாலை நான்குக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. பனிக்குள் காட்டுமாடு நின்றால் பத்தடி தூரத்தில்தான் தெரியும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், லோபீம்தான் உதவும்.

வீடு: போனிலேயே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி தாழ்வாரத்தைப் பற்றி. எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் பார்த்தது? வடகிழக்குப் பருவத்தில் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். கிழக்குப் பார்த்த தாழ்வாரம் என்றால் நாற்காலி நனையும், கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்தான் கிடக்க வேண்டும். தெற்கோ மேற்கோ பார்த்ததாக, கூரை நாலடியாவது முன்னே நீண்டதாக இருந்தால் பகல் முழுக்க வெளியிலேயே உட்காரலாம். நம் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் இடம் இருப்பதால், சாரல் எந்தப் பக்கம் அடித்தாலும் எதிர்ப் பக்கம் நகர்ந்துகொள்வோம். மலை வீட்டில் ஒரே பக்கம்தான், அது சரியான பக்கமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கூரை. தகரக் கூரையில் மழைச் சத்தம் முதல் அரைமணி நேரம் இனிக்கும். இரவு முழுக்கப் பெய்தால் தூக்கம் வராது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. சீமை ஓடு வேய்ந்த பழைய தோட்ட வீடு கிடைத்தால் விடாதீர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தேடினால் அப்படிப்பட்டவை அகப்படும். பூம்பாறையில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் காங்கிரீட் கட்டடங்களே அதிகம். மழை தொடர்ந்தால் சுவர் வியர்க்கும், மெத்தையில் ஈரவாடை ஏறும். சிறுமலையில் தங்குமிடங்களே குறைவு, சனி ஞாயிறில் சத்தமும் கூடுதல்.

மூன்றாவது, வெந்நீர். மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர ஒரு நாளும் ஆகலாம், அப்போது கீசர் சுவரில் சும்மா தொங்கும். விறகு அடுப்பில் வெந்நீர் போட வசதி உண்டா என்று கேளுங்கள். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாடை இல்லாத வாயு அது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். புகைபோக்கி உள்ள கணப்பு வேறு, தட்டில் வைத்த கரி வேறு.

அடுப்பு

மழை நாள் என்றால் பலகாரம் வேண்டும். உயரத்துக்கு ஏற்றபடி அடுப்பின் வேலை மாறுவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பூம்பாறை 1,900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும், குக்கர் இல்லாமல் போகக் கூடாது. தாண்டிக்குடி சுமார் 1,300 மீட்டர், அங்கே வித்தியாசம் கொஞ்சம்தான். குளிரில் இட்லி மாவும் புளிக்காது. இரவு ஆட்டி வைத்த மாவு பூம்பாறையில் காலையில் அப்படியே கிடக்கும்.

அதனால் புளிக்கத் தேவையில்லாத நம் ஊர்ப் பலகாரங்களே மலைக்குப் பொருத்தம். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசி ஒரு டம்ளர் தலைதட்டி, அதன் மேலேயே நிற்கிற அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, உடனே ஊற்றி எடுக்க வேண்டும். மாவு கெட்டியானால் நடுவில் வேகாது, ஆட்டி நேரமானால் எண்ணெய் குடிக்கும். மிக்சிக்குக் கரண்ட் வேண்டும் என்பது மட்டும்தான் தொல்லை.

கரண்ட்டே இல்லாத நாளுக்குக் கும்மாய மாவு, நெய்யும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறும் இனிப்புக்கானது. உளுந்து நாலு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. தனித்தனியாகச் சிவக்க வறுத்து வீட்டிலேயே அரைத்துச் சலித்து டப்பாவில் எடுத்துப் போங்கள். ஒரு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் கருப்பட்டியை மூன்று கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மாவைக் கட்டியில்லாமல் கலந்து, அரைக் கப் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் இருபது நிமிடத்தில் சூடாகக் கையில் இருக்கும். ஒரே அடுப்பு, ஒரே சட்டி.

மழை விட்டதும்

இங்கேதான் தாண்டிக்குடி மற்ற இரண்டையும் முந்துகிறது. சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, இடையே மலைவாழை. மழை நின்ற பிறகும் மரங்கள் அரைமணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். சரிவு அதிகமில்லாத தோட்டப் பாதைகள் என்பதால் அப்பத்தாவும் கூட நடந்து வரலாம். மேலே பாலமுருகன் கோயில் இருக்கிறது, பழனிக்கு நடக்கிற குடும்பங்களுக்கு அந்தச் சந்நிதி தனி நிறைவு. கார்த்திகையில் காபிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். நாம் கொண்டாடும் மழை தோட்டக்காரருக்கு அப்போது கவலை: பழம் வெடித்து உதிரும், களத்தில் கொட்டைகள் காயாது. களத்தில் செருப்போடு ஏறாதீர்கள், தார்ப்பாய் மூடும் நேரத்தில் ஒரு கை பிடியுங்கள்.

அதே நிழலில்தான் அட்டையும். சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகி, சாக்ஸின் மேல் புகையிலைத் தண்ணீரோ உப்போ தடவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம், நகத்தைக் கடிவாயின் அடியில் கொடுத்து நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தத்தை உறையவிடாத பொருளை அது செலுத்தியிருக்கும், எனவே சிறிது நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

பூம்பாறையில் நடை வேறு மாதிரி. படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள், நடுவே ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். மேகம் விலகும் ஐந்து நிமிடத்தில் முழுப் பள்ளத்தாக்கும் ஒருசேரத் தெரியும், அதற்கு நிகர் மற்ற இரண்டிலும் இல்லை. புல்லும் வயலும் என்பதால் அட்டை குறைவு. ஆனால் மழை இரவில் குளிர் 10, 12 டிகிரிக்கு இறங்கும், நனைந்த துணி இரண்டு நாளானாலும் காயாது. மூட்டுவலிக்காரர்களை அழைத்துப்போக வேண்டாம். குறைந்தது மூன்று இரவு தங்கினால்தான் ஏழு மணி நேரப் பயணத்துக்கு ஈடாகும்.

சிறுமலை ஒரு இரவுக்குப் போதும், அந்த ஒரு இரவுக்கு அருமை. அகஸ்தியர்புரம் பக்கம் காலை நடை, வழிக்கடையில் புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழம். வெள்ளிமலைக் கோயில் ஏற்றத்தை மட்டும் ஈர நாளில் தவிர்த்துவிடுங்கள், கல் வழுக்கும்.

கொல்லிமலை பற்றியும் கேட்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போவதே பெரும்பாலும் ஆகாய கங்கைக்காக. அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் மழையில் பாசி பிடித்துக் கிடக்கும், வெள்ளம் என்றால் வழியை அடைத்துவிடுவார்கள். அது தை, மாசிக்கான மலை.

இறங்கும் நாளில்

இரவு முழுக்கப் பெய்திருந்தால் விடியற்காலையில் கிளம்பாதீர்கள். மண் சரிவும் மரம் விழுந்ததும் தெரிவதே முதல் பேருந்து போன பிறகுதான். ஒன்பது மணிக்கு மேல், கீழேயிருந்து பேருந்தோ பால் வண்டியோ ஏறி வந்ததை விசாரித்துவிட்டு இறங்குங்கள். ஏறும்போது போட்ட கியரே இறங்கவும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள். ஈரத் துணிகளைத் தனிப் பையில் கட்டி, ஷூவுக்குள் பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்துவிட்டால், நத்தம் தாண்டி வெயில் வருவதற்குள் அது பாதி ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.